பெயரில் வெஸ்லி இருந்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

மெதடிஸ்ட் சபையையும் உயர்கல்வியையும் பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் 'வெஸ்லியன்' என்ற பெயரில் நாலைந்து கல்லூரிகள் பார்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் ஒரே நிர்வாகமா? நாங்கள் இந்துக்கள். மதம் மாறச் சொல்வார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (பாம்பன்)

ஒரே நிர்வாகம் இல்லை. மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வைத்தும் இருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் 1831-இல் தொடங்கிய வெஸ்லியன் பல்கலைக்கழகம் மெதடிஸ்டுகள் உண்டாக்கியதுதான். ஆனால் 1937-இல் சபையோடு இருந்த தொடர்பை முடித்துக்கொண்டது. இன்று அது எந்தச் சபையையும் சாராத தனியார் கல்லூரி. ஒஹாயோ வெஸ்லியன் (1842), இல்லினாய் வெஸ்லியன் (1850) இரண்டும் அமெரிக்க மெதடிஸ்டுகளின் பெரிய சபையான ஐக்கிய மெதடிஸ்ட் சபையோடு உறவு வைத்திருப்பவை. ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் இருக்கும் வெஸ்லியன் கல்லூரி பெண்களுக்காக 1836-இல் சாசனம் பெற்றது. பெண்களுக்குப் பட்டம் வழங்கவென்றே சாசனம் பெற்ற முதல் கல்லூரி அதுதான். இண்டியானா வெஸ்லியன் மட்டும் வேறு கதை. அதை நடத்துவது 'வெஸ்லியன் சர்ச்' என்ற தனிச் சபை. மாணவர் நடத்தை விதிகளும் வழிபாட்டு எதிர்பார்ப்புகளும் அங்கே கூடுதல் கண்டிப்பு.

ஐக்கிய மெதடிஸ்ட் கல்லூரிகளில் எந்த மதத்தவரும் சேரலாம். வளாகத்தில் ஒரு சிற்றாலயமும் ஒரு குருவும் இருப்பார்கள். விருப்பம் இருந்தால் போகலாம். சில இடங்களில் சமயவியல் பாடம் ஒன்று கட்டாயம். அது பாடம்தான், தேர்வு எழுதி மதிப்பெண் வாங்குவது.

பயம் தீர வழி இருக்கிறது. கல்லூரியின் இணையப் பக்கத்தில் மூன்று ஆவணங்களைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று மாணவர் கையேடு: 'சேப்பல்' (சிற்றாலய வழிபாடு) வருகை கட்டாயம் என்று அதில் இருக்கிறதா? அடுத்தது விண்ணப்பப் படிவம்: போதகர் பரிந்துரைக் கடிதமோ விசுவாச அறிக்கையில் கையெழுத்தோ கேட்கிறார்களா? கடைசியாக அறங்காவலர் பட்டியல்: பிஷப்புகள் எத்தனை பேர், அவர்கள் பதவி வழியாக வருகிறார்களா? இந்த மூன்றும் சொல்வதை முகப்புப் படம் சொல்லாது. ஒரு கல்லூரி ஐக்கிய மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்ததா என்பதை முடிவு செய்வது அந்தச் சபையின் 'பல்கலைக்கழக செனட்'. 1892-இல் அமைந்தது, அமெரிக்காவில் கல்லூரிகளுக்குத் தரம் பார்த்த மிகப் பழைய அமைப்புகளில் ஒன்று. அதன் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த உறவு இல்லை என்று கொள்ளலாம். அரசு ஏற்கும் அங்கீகாரம் தனி. அதை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அப்துல் கலாம் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளி மெதடிஸ்ட் பள்ளியா? நம் மாவட்டத்தில் மெதடிஸ்ட் கல்லூரி ஏதாவது உண்டா? (ராமநாதபுரம்)

மெதடிஸ்ட் பள்ளி இல்லை. பள்ளியின் பெயரில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் லுத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர். 1750-இல் தரங்கம்பாடி வந்தவர். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளி வைக்க அவர் முயன்றது 1785 வாக்கில். அப்போது இந்தியாவில் மெதடிஸ்ட் மிஷனே கிடையாது. மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் சிலர் மெதடிஸ்ட் என்று எழுதுகிறார்கள். அது அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. அவர்கள் காங்கிரிகேஷனல் என்ற வேறொரு புராட்டஸ்டண்ட் சபையார். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தவர்கள். நம் கரையோரத்து மீனவக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆக, நம் மாவட்டத்தில் மெதடிஸ்டுகளின் நேரடித் தடம் மெலிதுதான்.

தமிழகத்தில் அவர்கள் ஊன்றி நின்ற இடங்கள் சென்னையும் காவிரிப் படுகையும். மன்னார்குடி பின்லே பள்ளி அவர்களுடையது. ஒரு காலத்தில் அங்கே கல்லூரி வகுப்புகளும் நடந்தன. பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளின் தென்னிந்தியச் சபைகள் 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை), காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டன. அதனால்தான் பெயர்ப் பலகையில் இன்று 'சி.எஸ்.ஐ.' என்று இருக்கிறது. அமெரிக்க மெதடிஸ்டுகள் அந்த இணைப்பில் சேரவில்லை. அவர்கள் வழி வந்தது 'இந்திய மெதடிஸ்ட் திருச்சபை'.

கேள்வி: என் தாத்தாவின் பழைய பெட்டியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 'வெஸ்லியன் மிஷன்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள். (மண்டபம்)

உங்கள் தாத்தா படித்த இடம் தமிழ் உலகில் மெதடிஸ்ட் கல்வியின் மூல ஊற்றுகளில் ஒன்று. நம் கரையிலிருந்து பார்த்தால் சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம். மெதடிஸ்டுகளும் இலங்கை வழியாகத்தான் நம்மிடம் வந்தார்கள்.

தாமஸ் கோக் என்பவர் ஆறு இளம் மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். 1814 மே 3 அன்று நடுக்கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் ஜூன் இறுதியில் காலித் துறையில் இறங்கினார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். அங்கே 1816-இல் வெஸ்லியன் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்து அங்கும் வேலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பள்ளி 1834-இல் பீட்டர் பெர்சிவல் கையில் 'மத்தியப் பள்ளி' ஆனது. கோட்டைக்குப் பக்கத்தில்தான் இன்றும் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே ஆசிரியராக இருந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவரும் அவரே. ஆனால் அவர் சைவத்தை விடவில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்து 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மெதடிஸ்ட் தாக்கம் என்று தேடுகிறவர்கள் மதம் மாறியவர்களின் கணக்கை மட்டும் எடுப்பார்கள். எங்கள் பார்வையில் அதைவிடப் பெரிய தாக்கம் நாவலர் செய்த காரியங்களில் தெரிகிறது. வாரந்தோறும் மேடையில் பிரசங்கம், வகுப்பு வகுப்பாகப் படிநிலை வைத்த பாலபாட நூல்கள், சந்தி பிரித்துக் குறியீடு இட்ட உரைநடை, சொந்த அச்சகம், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நடத்தும் பள்ளி. எதிர்முகாமிலிருந்து வேலை முறையைக் கற்று, அதைத் தம் மரபுக்குச் செலுத்தினார்.

இதில் ராமநாதபுரத்துக்கும் பங்கு உண்டு. திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை போன்ற நாவலர் பதிப்புகளுக்குத் துணை நின்றவர் ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவர். வெஸ்லியன் வகுப்பறையில் பழகிய பதிப்பு ஒழுங்கும் சேதுநாட்டுப் பணமும் சேர்ந்துதான் அந்த நூல்கள் தமிழ்நாடெங்கும் போயின.

பருத்தித்துறை ஹாட்லி கல்லூரி, யாழ்ப்பாணம் வேம்படி மகளிர் பள்ளி இரண்டும் இதே மிஷன் வழி வந்தவை. பெயரில் 'கல்லூரி' இருந்தாலும் இவை பள்ளிகளே. இலங்கை அரசு 1960, 1961 சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளை எடுத்துக்கொண்டபோது மத்திய கல்லூரியும் அரசு கைக்குப் போனது. எனவே தாத்தாவின் சான்றிதழுக்கு இன்று உறுதிக் கடிதம் வேண்டுமென்றால் மெதடிஸ்ட் சபைக்கு எழுதிப் பயனில்லை. பள்ளி அதிபருக்கு எழுதுங்கள். சேர்க்கை எண், சேர்ந்த ஆண்டு, தகப்பனார் பெயர் மூன்றும் குறிப்பிடுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பழைய தாளில் சூடு பட்டால் மசி மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமில்லாத காகித உறையில் வைத்து, உப்புக்காற்று படாத அறையில் வையுங்கள்.

கேள்வி: சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கம் செய்த இயக்கம் எப்படிப் பல்கலைக்கழகங்கள் கட்டும் நிலைக்கு வந்தது? எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை கல்லூரி நடத்த யோசிக்கிறது. அவர்களிடம் கற்க ஏதாவது உண்டா? (கீழக்கரை)

தொடக்கமே பல்கலைக்கழகத்தில்தான். வெஸ்லி ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியில் ஃபெல்லோ, அதாவது கல்லூரியின் ஆசிரியர் குழு உறுப்பினர். 1729-இல் அங்கே கூடிய சிறு மாணவர் குழுதான் விதை. 1748-இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட்டில் பள்ளி திறந்தார். பிள்ளைகள் காலை 4 மணிக்கு எழ வேண்டும், இரவு 8 மணிக்குப் படுக்க வேண்டும், விளையாட்டு நாளே கிடையாது. இந்தக் கண்டிப்பு தேவையில்லாதது என்பது எங்கள் கருத்து. ஆனால் லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு, கணிதம் என்று பாடத்திட்டம் மட்டும் கனமானது.

இங்கிலாந்தில் அவர்கள் பல்கலைக்கழகம் கட்டவில்லை. ஆங்கிலிக்கன் அல்லாதவர்களுக்கு ஆக்ஸ்போர்டின் கதவு 1854-இல்தான் பாதி திறந்தது, 1871 சட்டத்தில்தான் முழுதாகத் திறந்தது. அந்த இடைவெளியில் அவர்கள் ஆசிரியர் பயிற்சிக்குத் திரும்பினார்கள். லண்டனில் 1851-இல் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி, பெண்களுக்கு 1872-இல் சவுத்லண்ட்ஸ். அமெரிக்காவில் நிலம் இருந்தது, தடை இல்லை. 1820-இல் அமெரிக்கச் சபையின் பொது மாநாடு ஒவ்வொரு வட்டார மாநாடும் ஒரு கல்விக்கூடம் வைக்கட்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பிறகு ஊருக்கு ஊர் முளைத்தன.

பணம் திரட்டும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. 1742-இல் பிரிஸ்டலில் கட்டடக் கடன் அடைக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள்: பன்னிரண்டு பேர் கொண்ட குழு, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, குழுத்தலைவர் வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும், கொடுக்க முடியாதவருக்கு அவரே போட வேண்டும். நம் ஊர்ச் சீட்டு நடத்துபவர்களுக்கு இதன் பலம் உடனே புரியும்.

உங்கள் அறக்கட்டளைக்கு உதவுபவை அவர்கள் தோற்ற இடங்கள்.

கட்டடத்தில் முழுப் பணத்தையும் முடக்கியது முதல் தோல்வி. மேரிலாண்டில் 1787-இல் திறந்த கோக்ஸ்பரி கல்லூரி 1795-இல் எரிந்தது. பால்டிமோரில் மறுபடி தொடங்கினார்கள், அதுவும் ஓராண்டுக்குள் எரிந்தது. கையில் மூலதன நிதி இல்லாததால் மூன்றாவது முறை எழ முடியவில்லை.

இரண்டாவது, 'நிரந்தர உதவிச் சீட்டு'. 1850-களில் நார்த்வெஸ்டர்ன் உட்படச் சில கல்லூரிகள் 100 டாலர் போன்ற தொகைக்குச் சீட்டு விற்றன. வாங்கியவருக்கும் வாரிசுகளுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. கணக்கைப் பாருங்கள். 100 டாலருக்கு 6 சதவீத வட்டி வந்தால் ஆண்டுக்கு 6 டாலர். அந்தச் சீட்டில் ஒரு பையன் சேர்ந்து படித்தால் ஆசிரியர் சம்பளத்துக்கு அந்த 6 டாலர்தான் மிஞ்சும். பெஞ்சு நிறைந்தது, கஜானா நிறையவில்லை. நன்கொடையாளருக்கு நிரந்தர இலவச இடம் என்று எந்த ஆவணத்திலும் எழுதாதீர்கள். வட்டி எவ்வளவோ அதற்குள் ஆண்டுதோறும் எத்தனை இடம் என்று குழு தீர்மானிக்கும் என எழுதுங்கள்.

மூன்றாவது, சாசனத்தில் தெளிவின்மை. வாண்டர்பில்ட் 1873-இல் கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் பணத்தில், தெற்கத்திய மெதடிஸ்ட் சபையின் பெயரில் எழுந்தது. அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வழக்கு டென்னஸி உச்ச நீதிமன்றம் வரை போய், 1914-இல் சபை தோற்றது. சபை விலகியது. அந்த வேகத்தில் கோகோ கோலா அதிபர் ஆசா காண்ட்லர் தந்த 10 லட்சம் டாலரில் எமரி என்ற மெதடிஸ்ட் கல்லூரி அட்லாண்டாவுக்கு வந்து பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நிறுவியவர் யார், பணம் போட்டவர் யார், அறங்காவலரை நியமிப்பவர் யார் என்று மூன்றும் வெவ்வேறு கையில் இருந்தால், பிணக்கு வரும்போது யார் சொல் நிற்கும் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். காலியிடம் வந்தால் எத்தனை நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்ற வரியும் வேண்டும்.

கேள்வி: பெண்கள், கறுப்பின மக்கள் கல்விக்கு அவர்கள் பங்கு என்ன? இந்தியாவிலேயே படிக்க இடம் உண்டா? (தேவிபட்டினம்)

லக்னோவில் 1870-இல் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி இசபெல்லா தோபர்ன் ஆறு சிறுமிகளோடு அமீனாபாத் கடைவீதியில் பள்ளி தொடங்கினார். 1886-இல் அது கல்லூரி வகுப்புகளை எட்டியது. இன்றும் இயங்குகிறது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி (1915) பல மிஷன்கள் கூட்டாக உண்டாக்கியது. நம் மாவட்டப் பெண்களுக்கு அதுதான் நடைமுறையில் எட்டும் இடம்.

கறுப்பின மக்களுக்காக ஒஹாயோவில் 1856-இல் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் எழுந்தது. 1863-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை அதை வாங்கியது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866-இல் விடுதலை பெற்றோர் உதவிச் சங்கம் அமைத்து மெதடிஸ்டுகள் தெற்கில் கல்லூரிகள் தொடங்கினார்கள். ரஸ்ட் கல்லூரி (1866) அந்தக் காலத்தது. 1876-இல் தொடங்கிய மெஹாரி மருத்துவக் கல்லூரியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மருத்துவர்கள் வந்தார்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1844-இல் அமெரிக்காவின் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை அடிமை முறை பற்றிய பிணக்கில் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. தெற்கத்தியக் கல்லூரிகள் பல அடிமை உழைப்பில் வந்த பணத்தில் வளர்ந்தன. மார்ட்டின் லூதர் கிங் முனைவர் பட்டம் பெற்ற பாஸ்டன் பல்கலைக்கழகமும் மெதடிஸ்டுகள் தொடங்கியதே.

கேள்வி: நாங்கள் விசைப்படகுக் குடும்பம். மகன் மேலே சொன்ன மாதிரி ஓர் அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகையோடு விண்ணப்பிக்க விரும்புகிறான். வருமானத்துக்கும் மார்க்குக்கும் என்ன காட்ட வேண்டும்? சபை உதவித்தொகை கிடைக்குமா? (ராமேஸ்வரம்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் உதவித்தொகைகளில் பெரும்பாலானவை அந்தச் சபையில் குறைந்தது ஓராண்டு முழு உறுப்பினராக இருப்பவருக்கு. கத்தோலிக்கரோ சி.எஸ்.ஐ.யோ என்றால் அதை நம்பி உட்கார வேண்டாம். கல்லூரியே தரும் உதவித்தொகைக்கு மதம் தடையில்லை. கவனம் அதில் இருக்கட்டும்.

மார்க்: 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுக்கும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க்கைத்தான் நம் பள்ளிகளில் தேடி எடுக்க நாளாகும். பதிவேட்டை இப்போதே எடுத்து, பள்ளி லெட்டர் பேடில் ஆண்டு வாரியாக எழுதி ஹெச்.எம். கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் அல்லது ஜனவரி. நம் பிளஸ் டூ முடிவு வருவது மே. அதனால் காலாண்டு, அரையாண்டு மார்க்கைத் தனித் தாளில் கொடுக்க வேண்டும். டிகிரி முடித்த பிறகு போவதென்றால், நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரை குத்தித் தருவார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் செல்லாது. இரண்டு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

வருமானம்: இங்கேதான் நம் கடற்கரைப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஏலத்தில் கையில் வந்த தொகையை மாத வருமானம் என்று எழுதி, அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த இரண்டு மாதமும் காலியாகத் தெரியும், படிவத்தில் எழுதிய தொகையோடு ஒத்துப்போகாது, கல்லூரியில் சந்தேகப்படுவார்கள். எனவே ஏல ரசீதுகளைக் கூட்டி ஆண்டு மொத்தம் எழுதுங்கள். டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு, வலை செலவைக் கழித்துக் கைக்கு நின்றதை வருமானமாகக் காட்டுங்கள். தடைக்காலம் என்றால் என்ன, அரசு நிவாரணம் எவ்வளவு வந்தது என்று அரைப் பக்கம் விளக்கம் இணையுங்கள். வருமான வரி ரிட்டர்ன் இல்லையென்றால் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரின் வருமானச் சான்று வாங்குங்கள். அதில் உள்ள தொகையும் படிவத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கட்டும். விசா நேரத்தில் சொந்தக்காரரிடம் வாங்கி ஒரே நாளில் பெரிய தொகை போட்டு வைப்பது வேலைக்கு ஆகாது. எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

சேர்க்கை கிடைத்த பிறகு மாணவர் விசாவுக்குத் தேவையான 'ஐ-20' படிவத்தைக் கல்லூரி அனுப்பும். முதல் ஆண்டுச் செலவு முழுதையும் காட்டினால்தான் அது வரும். அதன்பின் வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்யும் 'செவிஸ்' முறைக்கான கட்டணம் 350 டாலர். விசா கட்டணம் தனி. கட்டணங்கள் மாறும், கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தை இப்போதே சரி செய்யுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து வேறு வடிவம் என்று இருந்தால் ஒவ்வொரு படியிலும் நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அது குடும்பப் பெயர் இடத்தில் போய், முதல் பெயர் தெரியாது என்ற குறியோடு விசா அச்சாகும். பிறகு அங்கே பேங்க் கணக்கு, அடையாள அட்டை எல்லாவற்றிலும் அந்தக் குறி தொடரும். பாஸ்போர்ட்டுக்குப் போடும்போதே முதல் பெயர் கட்டத்தில் மகன் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயரும் விரிவாக இருக்கட்டும். விண்ணப்பம், தேர்வுப் பதிவு, ஐ-20 மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள்.